தைரொயிட் குறைவா? எந்தச் சோதனை முதலில், எது பிறகு: வன்னியில் இருப்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கழுத்தில் இருக்கும் தைரொயிட் சுரப்பி குறைவாக வேலை செய்கிறதா என்பதைச் சொல்வது ரி.எஸ்.எச் (தைரொயிட்டைத் தூண்டும் ஓமோன்), பிறீ ரி4 (தைரொயிட் சுரக்கும் ஓமோன்) என்ற இரண்டு இரத்தப் பரிசோதனைகள். ஏன் குறைந்தது, இனிக் குறையுமா என்பதைச் சொல்ல உதவுவது பிறபொருளெதிரிச் சோதனை, அதாவது உடலின் பாதுகாப்புப் படை உண்டாக்கும் எதிர்ப்புப் புரதத்தை இரத்தத்தில் தேடும் சோதனை. இந்த இரண்டு கேள்விகளும் ஒன்றோடொன்று கலந்துபோவதால் நிறையப் பேர் தேவையில்லாமல் பயப்படுகிறார்கள், தேவையில்லாமல் செலவழிக்கிறார்கள். இன்னும் சிலர் குளிசை உண்மையிலேயே தேவைப்பட்டும் எடுக்காமல், வருஷக்கணக்காகக் களைத்துப்போய்க் கிடக்கிறார்கள்.

துணுக்காயிலோ நெடுங்கேணியிலோ இருக்கும் ஒருவருக்கு இரத்தப் பரிசோதனை என்பது ஊசிக் குத்தோடு முடிகிற காரியமல்ல. விடிய முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், பிள்ளைகளைப் பார்க்க ஆள் தேட வேண்டும், ஒரு நாள் கூலி போகும். ரிப்போட் எடுக்க இன்னொரு நாள். ஆகவே எதை முதலில் செய்வது என்பது இங்கே காசோடும் நாளோடும் சம்பந்தப்பட்ட விஷயம். கீழே உள்ள படிகளை வரிசையாகப் பாருங்கள். ஒரு படியிலேயே விடை கிடைத்துவிட்டால் அடுத்ததுக்குப் போகத் தேவையில்லை.

படி 1: யாருக்குச் சோதனை தேவை

களைப்பு, நிறை கூடுதல், மலச்சிக்கல், தோல் வரட்சி, முடி கொட்டுதல், மாதவிலக்கில் இரத்தம் கூடுதலாகப் போதல், குரல் தடித்தல், மறதி, எதிலும் மனம் ஒட்டாமை. தைரொயிட் குறைவில் வருபவை இவை. இவற்றில் பாதி இரத்தச்சோகையிலும் வரும். நீரிழிவில் களைப்பு வரும், நித்திரை கெட்டவருக்கும் வரும். அறிகுறிகளை மட்டும் வைத்து இது தைரொயிட்தான் என்று யாராலும் சொல்ல ஏலாது, அனுபவமுள்ள டொக்டராலும் ஏலாது.

ஆனாலும் வன்னியில் ஒரு அறிகுறி எடுப்பாகத் தெரியும். சித்திரை வெயிலில் வீட்டில் எல்லாரும் காற்றுக்கு முற்றத்தில் இருக்கும்போது, ஒருவர் மட்டும் "ஃபானை நிப்பாட்டுங்கோ, குளிருது" என்று சொல்லிப் போர்த்திக்கொண்டு படுத்தால், அதைக் குணம் என்று விட்டுவிடாதீர்கள். நாடித் துடிப்பு மெதுவாக இருப்பது, கண்மடல் ஊதியிருப்பது, காரணம் தெரியாமல் கொலஸ்ரரோல் கூடுவது ஆகியவையும் கவனிக்க வேண்டியவை.

இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். 2009க்குப் பிறகு எங்கள் பக்கத்தில் ஒரு பெண் "உடம்பு ஏலாமல் கிடக்கு, ஒன்றிலும் மனமில்லை" என்றால், கேட்பவர் மனதில் உடனே வருவது போரும் இழப்பும்தான். அதில் நியாயம் உண்டு, அந்தத் துயரம் உண்மையானது. ஆனால் துயரப்பட்டவருக்குத் தைரொயிட் நோய் வராது என்று ஒரு விதியும் கிடையாது. இரண்டும் ஒரே ஆளில் சேர்ந்தே இருக்கலாம். மனச்சோர்வுக்கு மருந்து தொடங்குமுன் ஒரு தரம் ரி.எஸ்.எச் பார்க்கலாமா என்று கேட்பது உங்கள் உரிமை. கேட்டால் பெரும்பாலான டொக்டர்மார் மறுக்க மாட்டார்கள்.

அறிகுறி குறைவாக இருந்தாலும் சோதிப்பது நல்லது என்று நான் நினைப்பவர்கள்: அம்மாவுக்கோ சகோதரிக்கோ தைரொயிட் நோய் உள்ளவர்கள், முதலாம் வகை நீரிழிவோ வெண்புள்ளியோ உள்ளவர்கள், கழுத்தில் வீக்கம் தெரிபவர்கள், பிள்ளை தங்காமல் கலைந்தவர்கள், லித்தியம் (மனநோய்க்கு) அல்லது அமியோடரோன் (இதயத் துடிப்புக் கோளாறுக்கு) குளிசை எடுப்பவர்கள், முன்பு தைரொயிட் சத்திரசிகிச்சை செய்தவர்கள். ஆண்களைவிடப் பெண்களுக்கு இது பல மடங்கு கூடுதலாக வருகிறது. ஆண்களுக்கு வராது என்று அர்த்தமில்லை.

படி 2: இரத்தம் கொடுக்குமுன்

முதலில் கழுத்தைப் பாருங்கள். வெளிச்சம் பக்கத்திலிருந்து விழும்படி யன்னலோரமாக இருத்தி, நாடியை (மோவாயை) சற்று உயர்த்தச் சொல்லி, ஒரு மிடறு தண்ணீர் விழுங்கச் சொல்லுங்கள். குரல்வளைக்குக் கீழே, கழுத்துக் குழிக்குச் சற்று மேலே பாருங்கள். விழுங்கும்போது ஏதாவது மேலே எழும்பிக் கீழே இறங்கினால் அது தைரொயிட் பகுதியாக இருக்கலாம். இரண்டு பக்கமும் சமமாக ஊதியிருக்கிறதா, ஒரு பக்கத்தில் மட்டும் கட்டி போலிருக்கிறதா என்று கவனித்து டொக்டரிடம் சொல்லுங்கள். தனிக்கட்டி இருந்தால் ஸ்கான் தேவைப்படும். கட்டி இல்லாதபோது தைரொயிட் குறைவைக் கண்டுபிடிக்க ஸ்கான் தேவையில்லை.

அடுத்தது பயோட்டின் என்ற விற்றமின். முடி கொட்டுகிறது என்று பார்மசியில் வாங்கும் குளிசைகள் பலவற்றில் இது கூடிய அளவில் இருக்கிறது. சில லாப் இயந்திரங்களில் இது ரி.எஸ்.எச்சைக் குறைத்தும் பிறீ ரி4ஐக் கூட்டியும் காட்டும், பிறபொருளெதிரியையும் பொய்யாகக் கூட்டிக் காட்டக்கூடும். முடி கொட்டுவதே தைரொயிட் குறைவால்தான் என்றால், அந்த முடிக்காக எடுக்கும் குளிசையே நோயை மறைத்துவிடுகிறது. சோதனைக்கு முன் குறைந்தது 2 நாள் நிறுத்துங்கள்.

பெரிய காய்ச்சலிலிருந்தோ ஆஸ்பத்திரி வாட்டிலிருந்தோ இப்போதுதான் எழும்பியவர் என்றால் கொஞ்சம் பொறுங்கள். டெங்கு, நியூமோனியா போன்றவற்றிலிருந்து தேறிவரும் காலத்தில் ரி.எஸ்.எச் தற்காலிகமாக ஏறும். அவசரமில்லாத சோதனையை ஆறு கிழமை தள்ளிப் போடலாம்.

வெறும் வயிறு தேவையில்லை. ஆனால் ரி.எஸ்.எச் விடியப்பொழுதில் கூடியும் பின்னேரத்தில் குறைந்தும் இருக்கும். ஒரு தரம் காலையில் கொடுத்தால் அடுத்த தரமும் காலையிலேயே, முடிந்தால் அதே லாப்பிலேயே கொடுங்கள். தைரொயிட் குறைவுக்குக் கொடுக்கும் தைரொக்சின் குளிசையை ஏற்கெனவே எடுப்பவர்கள் அன்றைய குளிசையை இரத்தம் கொடுத்த பிறகு எடுத்தால் போதும்.

படி 3: ரி.எஸ்.எச், பிறீ ரி4. இந்த இரண்டும் முதலில்

மூளையின் அடியில் இருக்கும் கபச்சுரப்பி, இரத்தத்தில் தைரொயிட் ஓமோன் போதுமா என்று எந்நேரமும் பார்த்துக்கொண்டிருக்கிறது. குறைந்தால் ரி.எஸ்.எச்சைக் கூட்டி அனுப்பும். கடைவயலுக்குத் தண்ணீர் வராவிட்டால் வயல்காரர் வாய்க்கால் தலைப்பில் நின்று சத்தத்தைக் கூட்டுவார் அல்லவா, அப்படி. சத்தம் கூடியிருக்கிறது என்றால் தண்ணீர் குறைவு. ரி.எஸ்.எச் ஏறியிருக்கிறது என்றால் தைரொயிட் பின்நிற்கிறது. இலக்கம் ஏறினால் தைரொயிட் கூடிவிட்டது என்று தலைகீழாக விளங்கிக்கொள்பவர்கள் நிறைய இருக்கிறார்கள்.

பெரும்பாலான லாப்களில் ரி.எஸ்.எச்சின் வழமையான எல்லை லீற்றருக்கு 0.4 முதல் 4.0 மில்லி அலகு வரை. உங்கள் ரிப்போட்டில் அச்சிட்டிருக்கும் எல்லையையே எடுங்கள். பிறீ ரி4 இரண்டு விதமான அலகுகளில் வரும். டெசிலீற்றருக்கு 1 நானோகிராம் என்பதும் லீற்றருக்கு ஏறக்குறைய 12.9 பிக்கோமோல் என்பதும் ஒன்றுதான். வவுனியாவில் 1.1 என்று வந்தது யாழ்ப்பாணத்தில் 14 என்று வந்ததும், பத்து மடங்கு ஏறிவிட்டது என்று பயப்பட வேண்டாம்.

ரி.எஸ்.எச் கூடி, பிறீ ரி4 குறைந்திருந்தால் அது தெளிவான தைரொயிட் குறைபாடு. மருந்து தேவை, அதில் விவாதமில்லை.

ரி.எஸ்.எச் கூடி, பிறீ ரி4 சரியாக இருந்தால் அது ஆரம்பநிலைக் குறைபாடு. ஆட்கள் கூடுதலாகக் குழம்பும் இடம் இது. பிறபொருளெதிரிக்கு உண்மையான வேலை இருக்கும் இடமும் இதுதான்.

இரண்டும் சரியாக இருந்தால் களைப்புக்கு வேறு காரணத்தைத் தேடுங்கள். ஹீமோகுளோபின், சீனி, விற்றமின் பி12 என்று பார்க்க இன்னும் நிறைய இருக்கிறது. அரசாங்க ஆஸ்பத்திரியில் ஹீமோகுளோபின் பார்க்காமல் வெளியில் காசு கொடுத்துத் தைரொயிட் பிறபொருளெதிரி பார்ப்பது வரிசை மாறிய வேலை.

இனி நான்காவது விதம். பிறீ ரி4 குறைந்திருக்கிறது, ஆனால் ரி.எஸ்.எச் ஏறவில்லை. அது "நோர்மல்" என்று கூட வரலாம். அப்போது பிழை தைரொயிட்டில் இல்லை, கபச்சுரப்பியில். உலகில் இது அரிது. ஆனால் வன்னியில் இருப்பவர்கள் இதை மனதில் வைத்திருக்க மூன்று காரணங்கள் உண்டு. பிள்ளைப்பேற்றின்போது அளவுக்கு மிஞ்சி இரத்தம் போனால் கபச்சுரப்பி சேதமாகலாம். பிறகு பால் சுரக்காது, மாதவிலக்குத் திரும்பாது, வருஷங்கள் கழித்தும் களைப்பு தீராது. போர்க்காலத்தில் பதுங்குகுழிகளுக்கும் தற்காலிகக் கொட்டில்களுக்கும் நடுவே பிள்ளை பெற்ற தாய்மார் எங்களிடையே இருக்கிறார்கள். இரண்டாவது, கண்ணாடி விரியன் கடி. புடையன் என்று ஊரில் சொல்லும் இந்தப் பாம்பின் விஷமும் கபச்சுரப்பியை இதே விதமாகத் தாக்கக்கூடும். பர்மாவிலும் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இப்படியான நோயாளர்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறார்கள். வயலில் கடிபட்டுத் தப்பியவர் மாதங்கள், வருஷங்கள் கழித்துச் சோர்ந்துபோனால், பழைய கடியை யாரும் நினைப்பதில்லை. மூன்றாவது, தலையில் பட்ட பலத்த காயம்.

இந்த மூன்றில் ஒன்று உங்கள் கதையில் இருந்தால் அதை டொக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். ரி.எஸ்.எச்சை மட்டும் பார்த்தால் இது பிடிபடாது. இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. கபச்சுரப்பி சேதமானவருக்குக் கோட்டிசோல் ஓமோனும் குறைந்திருக்கலாம். அதைச் சரிப்படுத்தாமல் தைரொக்சினை மட்டும் தொடங்கினால் உயிருக்கே ஆபத்து வரலாம். பக்கத்து வீட்டுக்காரரின் தைரொக்சினைக் கடன் வாங்கிப் போடக்கூடாது என்று நான் கண்டிப்பாகச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

படி 4: ஒரு ரிப்போட்டோடு முடிவெடுக்க வேண்டாம்

பிறீ ரி4 தெளிவாகக் குறைந்திருந்தால் காத்திருக்கத் தேவையில்லை. மற்றபடி ரி.எஸ்.எச் 5, 6, 7 என்று சற்றுக் கூடியிருந்தால் இரண்டு மூன்று மாதம் விட்டுத் திரும்பச் செய்யுங்கள். பலருக்கு அது தானாகவே இறங்கிவிடும். கர்ப்பிணிகளுக்கு இந்தக் காத்திருப்பு பொருந்தாது. அதைத் தனியாகச் சொல்கிறேன்.

படி 5: பிறபொருளெதிரி. எப்போது, எதற்கு, எத்தனை தரம்

நோய்க்கிருமியை எதிர்க்க வேண்டிய உடலின் பாதுகாப்புப் படை, சிலருக்குத் தங்கள் தைரொயிட்டையே எதிரியாக நினைத்துத் தாக்குகிறது. ஹஷிமோட்டோ நோய் என்பது இதுதான். ஹகரு ஹஷிமோட்டோ என்ற ஜப்பானிய சத்திரசிகிச்சை வைத்தியர், நான்கு பெண்களின் தைரொயிட்டை நுணுக்குக்காட்டியில் பார்த்து, வெண்குருதிக் கலங்கள் அதற்குள் நிறைந்திருப்பதை 1912இல் எழுதினார். ஏன் அப்படி நிறைந்தன என்பது 1956இல்தான் விளங்கியது. லண்டனில் ஹஷிமோட்டோ நோயாளிகளின் இரத்தத்தில், தைரொயிட்டில் இருக்கும் தைரோகுளோபுலின் என்ற புரதத்துக்கு எதிரான பிறபொருளெதிரி கண்டுபிடிக்கப்பட்ட வருஷம் அது.

இன்று லாப்பில் செய்வது முக்கியமாக இரண்டு. ஒன்று ரி.பி.ஓ பிறபொருளெதிரி. தைரொயிட் பேரொக்சிடேஸ் என்பது அயடீனைப் பொருத்தி ஓமோனை உண்டாக்கும் நொதியம். அதற்கு எதிரானது இது. ஹஷிமோட்டோ உள்ளவர்களில் 100க்கு 90 பேருக்கு மேல் இது இருக்கும். மற்றது தைரோகுளோபுலின் பிறபொருளெதிரி. இது கொஞ்சம் குறைவானவர்களில்தான் தெரியும், நோயில்லாதவர்களிலும் தெரியும். காசைப் பார்த்தால் ரி.பி.ஓ ஒன்றே போதும். இரண்டையும் சேர்த்து ஒரு "பக்கேஜ்" என்று லாப்பில் சொன்னால், டொக்டர் கேட்டாரா என்று முதலில் பாருங்கள்.

இலங்கையில் நடந்த ஒரு விஷயம் இதற்குப் பொருத்தமானது. கழலையை (தைரொயிட் வீங்குவதை) தடுக்க உப்பில் அயடீன் சேர்ப்பது 1995இல் சட்டமானது. அதற்குப் பின் நாட்டின் பாடசாலைச் சிறுமிகளைச் சோதித்தபோது, எதிர்பாராத அளவுக்கு நிறையப் பேரிடம் தைரோகுளோபுலின் பிறபொருளெதிரி இருந்தது. அந்த ஆய்வு 2000இல் வெளிவந்தது. அந்தப் பிள்ளைகள் எல்லாரும் நோயாளியாகவில்லை. சில வருஷங்களில் அந்த அளவு இறங்கியதாக 2003இல் வந்த ஆய்வு சொன்னது. இரத்தத்தில் பிறபொருளெதிரி தெரிவதும் நோய் இருப்பதும் ஒன்றல்ல என்பதற்கு எங்கள் நாட்டுப் பிள்ளைகளே சாட்சி. அமெரிக்காவில் 1988 முதல் 1994 வரை நடந்த பெரிய கணக்கெடுப்பிலும், தைரொயிட் நோய் இல்லாதவர்களில் 100க்கு 11 பேரளவில் ரி.பி.ஓ பொசிற்றிவ்வாக இருந்தது.

அப்படியானால் ரி.பி.ஓ எதற்கு? வருங்காலத்தைக் கணிக்க. இங்கிலாந்தில் விக்கம் என்ற ஊரில் 1972இல் தொடங்கி, அதே ஆட்களை 20 வருஷம் கழித்துத் திரும்பப் பார்த்த ஆய்வொன்று இருக்கிறது. ரி.எஸ்.எச்சும் கூடி, பிறபொருளெதிரியும் இருந்த பெண்களில் வருஷத்துக்கு 100க்கு 4 பேருக்குச் சற்று மேல் தெளிவான தைரொயிட் குறைபாட்டுக்குப் போனார்கள். பிறபொருளெதிரி மட்டும் இருந்து ரி.எஸ்.எச் சரியாக இருந்தவர்களில் அது ஏறக்குறைய 2 பேர். அதாவது ரி.பி.ஓ பொசிற்றிவ் ஆனாலும், ரி.எஸ்.எச் சரியாக இருக்கும் ஒரு பெண்ணுக்கு அடுத்த வருஷம் நோய் வராமல் இருப்பதற்கே வாய்ப்பு மிகக் கூட. அவருக்கு மருந்து தேவையில்லை. வருஷத்துக்கு ஒரு தரம் ரி.எஸ்.எச் பார்த்தால் போதும்.

ஆகவே ரி.பி.ஓ செய்ய வேண்டிய நேரம், ரி.எஸ்.எச் கூடியிருந்து இது நிலைக்குமா என்ற கேள்வி எழும்போது. கழுத்து வீங்கியிருக்கும்போதும், பிள்ளை கலைந்தவர்களுக்கும், பிள்ளைப்பேற்றின் பின் தைரொயிட் குழம்பியவர்களுக்கும் அது உதவும். ரி.எஸ்.எச் மிகக் கூடி, பிறீ ரி4 குறைந்து, மருந்து தொடங்குவது என்று ஏற்கெனவே முடிவாகியிருந்தால், ரி.பி.ஓ அந்த முடிவை மாற்றாது. காரணத்தை அறிய விரும்பினால் செய்யலாம், பஸ் காசுக்கே யோசிப்பவர் என்றால் விட்டுவிடலாம்.

எத்தனை தரம்? ஒரே ஒரு தரம். பிரித்தானியாவில் மருத்துவ வழிகாட்டல் வெளியிடும் நைஸ் அமைப்பு 2019இல் வெளியிட்ட வழிகாட்டலும் ரி.பி.ஓவைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டாம் என்றே சொல்கிறது. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கிளினிக் வாங்கில் இரண்டு ரிப்போட்டை மடியில் விரித்து வைத்துக்கொண்டு அழும் நிலைக்கு வந்த ஒரு தாயைப் பார்த்திருக்கிறேன். போன வருஷம் 58, இந்த வருஷம் 410. "ஏழு மடங்கு ஏறிட்டுது தம்பி, இனி என்ன செய்யிறது?" என்று கேட்டார். முதல் ரிப்போட்டில் எல்லை 9 என்று இருந்தது, இரண்டாவதில் 34. இரண்டும் வேறு லாப், வேறு இயந்திரம். அந்த இரண்டு இலக்கங்களையும் ஒப்பிடவே கூடாது. ஒரே லாப்பில் செய்திருந்தாலும் ஏறி இறங்குவது வழமை. 400 உள்ளவரின் நோய் 100 உள்ளவரின் நோயைவிட நான்கு மடங்கு மோசமல்ல. அந்தத் தாயின் ரி.எஸ்.எச் அன்று 2.8. அவருக்குக் குளிசையே தேவைப்படவில்லை.

நெகற்றிவ் என்று வந்தாலும் ஹஷிமோட்டோ இல்லை என்று உறுதியாகச் சொல்ல முடியாது. பத்தில் ஒருவருக்குக் கிட்ட நோய் இருந்தும் சோதனையில் தெரியாமல் போகும். அப்போதும் ரி.எஸ்.எச்சும் பிறீ ரி4உம் சொல்வதே தீர்ப்பு.

பிறபொருளெதிரியைக் குறைக்கிறோம் என்று செலெனியம் குளிசை, கோதுமை இல்லாத சாப்பாடு, கடற்பாசித் தூள் என்று விற்பவர்கள் இப்போது போனுக்குள்ளேயே வந்துவிட்டார்கள். செலெனியம் அந்த இலக்கத்தைக் கொஞ்சம் இறக்கலாம், ஆனால் ஆள் அதனால் சுகமடைவதாக நிரூபணமில்லை. கோதுமையை நிறுத்துவது சீலியாக் நோய் (கோதுமைப் புரதம் குடலுக்கு ஒத்துக்கொள்ளாத நோய்) உள்ளவருக்குத்தான். கடற்பாசித் தூளில் அயடீன் அளவுக்கு மிஞ்சி இருக்கும், ஹஷிமோட்டோ உள்ளவருக்கு அது கேடு. அந்தக் காசுக்கு முட்டையும் மீனும் வாங்குங்கள்.

படி 6: மருந்து தொடங்குவதா, பார்த்திருப்பதா

ரி.எஸ்.எச் இரண்டு தரமும் 10க்கு மேல் என்றால், பிறீ ரி4 சரியாக இருந்தாலும் பெரும்பாலும் மருந்து தொடங்குவார்கள். எல்லையைத் தாண்டி 10க்குள் இருந்தால் வயது, அறிகுறி, ரி.பி.ஓ மூன்றையும் சேர்த்துப் பார்ப்பார்கள். வயது குறைந்தவர், அறிகுறி உண்டு, ரி.பி.ஓ பொசிற்றிவ் என்றால் ஆறு மாதம் கொடுத்துப் பார்க்கலாம். சுகம் தெரியாவிட்டால் நிறுத்தலாம்.

65 தாண்டிய அம்மம்மா, அப்பப்பாமாருக்கு ரி.எஸ்.எச் 6, 7 என்று வந்தால் அவசரப்படாதீர்கள். வயதோடு அது சற்று ஏறுவது இயல்பு. 737 முதியவர்களை வைத்துச் செய்து 2017இல் வெளிவந்த ட்ரஸ்ட் ஆய்வில், இந்த அளவில் மருந்து கொடுத்தும் களைப்பு குறையவில்லை. கூடிப்போன தைரொக்சின் முதியவருக்கு நெஞ்சு படபடப்பையும் எலும்பு தேய்வையும் கொண்டுவரும்.

படி 7: குளிசையைச் சரியாக எடுப்பது

குளிசை எடுத்தும் ரி.எஸ்.எச் இறங்கவில்லை என்றால், அளவைக் கூட்டுமுன் எப்படி எடுக்கிறீர்கள் என்று பாருங்கள். தைரொக்சினை வெறும் வயிற்றில் தண்ணீரோடு எடுத்து, அரை மணித்தியாலமாவது, முடிந்தால் ஒரு மணித்தியாலம், வேறொன்றும் எடுக்காமல் இருக்க வேண்டும். பால் தேத்தண்ணியோடு எடுத்தால் குளிசையின் ஒரு பங்கு உடம்பில் சேராது. விடிய நாலு மணிக்குத் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வயலுக்கு ஓடுபவருக்கு இது கஷ்டம்தான். அவர் இரவு படுக்கும்போது எடுக்கலாம், சாப்பிட்டு மூன்று மணித்தியாலம் ஆகியிருந்தால் சரி. எந்த நேரமோ, அதை மாற்றாமல் வையுங்கள்.

இரும்புச்சத்துக் குளிசைக்கும் கல்சியம் குளிசைக்கும் தைரொக்சினுக்கும் நடுவே 4 மணித்தியால இடைவெளி வேண்டும். வயிற்றெரிவுக்குக் கொடுக்கும் வெள்ளைத் தண்ணி மருந்துக்கும் அப்படியே.

வன்னி வெயில் இந்தக் குளிசைக்கு ஆகாது. சூடும் ஈரமும் பட்டால் அதன் வீரியம் குறையும். மோட்டார் சைக்கிள் பெட்டியிலும், தகரக் கூரைக்குக் கீழே உயர்ந்த தட்டிலும், அடுப்பங்கரையிலும் வைக்காதீர்கள். மட்டையிலிருந்து எல்லாக் குளிசையையும் உடைத்துப் போத்தலில் கொட்டி வைப்பதும் வேண்டாம். வீட்டுக்குள் வெயில் படாத, குளிர்ச்சியான, காய்ந்த இடம் போதும்.

அளவு ஆளுக்கு ஆள் மாறும். முழு அளவு நிறைக்கு ஒரு கிலோவுக்கு 1.6 மைக்கிரோகிராம் அளவில் வரும். 60 கிலோ உள்ளவருக்கு ஏறக்குறைய 100. முதியவருக்கும் இதய நோய் உள்ளவருக்கும் 25இல் தொடங்கி மெதுவாகக் கூட்டுவார்கள். அளவை மாற்றிய பின் 6 முதல் 8 கிழமை கழித்துத்தான் ரி.எஸ்.எச் பார்க்க வேண்டும். இரண்டு கிழமையில் பார்த்தால் அது பழைய கதையைத்தான் சொல்லும். சுகம் வந்துவிட்டது என்று குளிசையை நிறுத்தினால், சில கிழமைகளில் களைப்பு திரும்பி வரும்.

கர்ப்பிணிகளுக்குத் தனியாக

இங்கே நேரம் முக்கியம். முதல் மூன்று மாதங்களில் குழந்தையின் மூளை வளர்ச்சி தாயின் தைரொயிட் ஓமோனை நம்பியிருக்கிறது. ஏற்கெனவே தைரொக்சின் எடுப்பவர், மாதவிலக்கு தள்ளிப்போனதும் கிளினிக் திகதி வரும்வரை காத்திருக்க வேண்டாம். அமெரிக்கத் தைரொயிட் சங்கத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டல், கர்ப்பம் என்று தெரிந்த உடனேயே கிழமைக்கு இரண்டு குளிசை கூடுதலாக எடுக்கச் சொல்கிறது. பிள்ளைக்கு ஆயத்தமாகும்போதே இதை உங்கள் டொக்டரிடம் பேசி, கிளினிக் கொப்பியில் எழுதி வாங்கி வையுங்கள். பிறகு கர்ப்பத்தின் நடுப்பகுதி வரை 4 கிழமைக்கு ஒரு தரம் ரி.எஸ்.எச்.

ரி.பி.ஓ பொசிற்றிவ், ரி.எஸ்.எச் சரி என்றிருக்கும் கர்ப்பிணி, பிள்ளை கலையக்கூடாது என்பதற்காகத் தைரொக்சின் எடுக்கலாமா? பிரித்தானியாவில் 952 பெண்களை வைத்து நடந்து 2019இல் வெளிவந்த டப்ளெட் ஆய்வில், மருந்து எடுத்தவர்களுக்கும் எடுக்காதவர்களுக்கும் உயிர்ப்பிறப்பில் வித்தியாசமில்லை. ஆனால் அவருடைய ரி.எஸ்.எச் கர்ப்பத்தில் ஏறக்கூடும் என்பதால் அடிக்கடி பார்க்க வேண்டும். குடும்பநல உத்தியோகத்தரிடம் ரி.பி.ஓ ரிப்போட்டைக் காட்டி வையுங்கள்.

கிளினிக்கில் தரும் இரும்பும் கல்சியமும் தைரொக்சினோடு மோதுவது இங்கேதான் கூடுதலாக நடக்கிறது. எல்லாவற்றையும் ஒரே பிடியாக விழுங்கிவிட்டுக் கடமை முடிந்தது என்று இருக்கும் தாய்மார் பலர். விடியத் தைரொக்சின், மத்தியானம் கல்சியம், இரவு இரும்பு என்று பிரித்து வையுங்கள். திரிபோஷாவில் சோயா இருப்பதால் அதையும் தைரொக்சினை ஒட்டிச் சாப்பிட வேண்டாம், சில மணித்தியாலம் தள்ளிச் சாப்பிடுங்கள்.

பிள்ளை பிறந்து முதல் வருஷத்தில், ரி.பி.ஓ பொசிற்றிவ் ஆன தாய்மாருக்குத் தைரொயிட் அழற்சி வர வாய்ப்பு கூட. முதலில் சில கிழமைகள் படபடப்பும் மெலிவும், பிறகு சோர்வும் அழுகையும். "பிள்ளை பெத்த உடம்பு, அப்படித்தான்" என்று மாமியார் சொல்வார், அல்லது மனநோய் என்பார்கள். ஒரு ரி.எஸ்.எச் போதும் வித்தியாசம் அறிய. பெரும்பாலானோருக்கு ஒரு வருஷத்துக்குள் சரியாகிவிடும். ஆனால் பின்னாளில் நிரந்தரக் குறைபாடு வரக்கூடும் என்பதால் வருஷா வருஷம் பார்க்க வேண்டும்.

சாப்பாடு, உப்பு

அயடீன் சேர்த்த உப்பைப் பாவியுங்கள், மூடி வையுங்கள், கறி இறக்கும்போது போடுங்கள். ஆனையிறவு உப்பானாலும் பக்கற்றில் அயடீன் சேர்த்தது என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். கோவா, மரவள்ளி எல்லாம் நன்றாக அவித்து அளவாகச் சாப்பிடலாம், அயடீன் போதியளவு கிடைப்பவருக்கு அதனால் கேடில்லை. ஹஷிமோட்டோ வந்த பின் உப்பைக் கூட்டிச் சாப்பிட்டு அதை மாற்ற முடியாது. பிரஷர்தான் ஏறும்.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவை

தைரொயிட் குறைபாடு உள்ளவர், முக்கியமாக மாதக்கணக்கில் குளிசையை விட்ட முதியவர், மயக்கமாகி, உடம்பு குளிர்ந்து, நாடி மிகவும் மெதுவானால் அடுத்த கிளினிக் நாளுக்குக் காத்திருக்கக் கூடாது. மாங்குளமோ மல்லாவியோ புதுக்குடியிருப்போ செட்டிகுளமோ, கிட்ட எந்த ஆஸ்பத்திரி இருக்கிறதோ அங்கே கொண்டுபோங்கள், அவர்கள் மேலே அனுப்புவார்கள். கழுத்துக் கட்டி விரைவாக வளர்ந்தாலும், விழுங்கவோ மூச்சுவிடவோ கஷ்டமானாலும், குரல் மாறி அப்படியே நின்றாலும் தள்ளிப்போடாதீர்கள். பிறந்த குழந்தைக்குத் தைரொயிட் குறைவு உண்டா என்று பார்க்கக் குதிக்காலில் எடுக்கும் இரத்தச் சோதனையைத் தவறவிடாதீர்கள். அதில் திரும்ப வரச்சொல்லி அழைப்பு வந்தால் அன்றைக்கே வெளிக்கிடுங்கள், குறைவு இருந்தால் மருந்தைப் பிறந்த முதல் இரண்டு கிழமைக்குள் தொடங்க வேண்டும்.

கிளினிக்குக்குப் போகும்போது பழைய ரிப்போட் எல்லாவற்றையும் திகதி வரிசையில் அடுக்கி எடுத்துச் செல்லுங்கள். எடுக்கும் குளிசைகளின் மட்டைகளையும், பார்மசியில் நீங்களாக வாங்கியவை உட்பட, ஒரு பையில் போடுங்கள். ரி.பி.ஓ ஒரு தரம் செய்திருந்தால் அந்தத் திகதியையும் பொசிற்றிவ்வா நெகற்றிவ்வா என்பதையும் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். டொக்டர் மாறினாலும், வவுனியாவிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினாலும், அந்தச் சோதனைக்கு இன்னொரு தரம் காசு கொடுக்க வேண்டி வராது.